வாக்குப் பெட்டிக்கு முன்னர்: மாணவர் ஒன்றியத் தேர்தலும் லிங்டோ அறிக்கையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், விசுவமடுவை அடையுமுன் வருவது தர்மபுரம். அவ்வூரிலிருந்து பல்கலைக்கழக அனுமதி பெற்று அறிவியல் நகருக்கோ வவுனியாவுக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும் மாணவர் ஒருவர், பாராளுமன்றத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தவராகவும் இருக்கலாம். ஆயின், ஒரு பெயரைத் தம் கையால் முன்மொழியவும், தாமே வேட்பாளராக நிற்கவும், வாக்குகள் எண்ணப்படுவதை மேசையருகில் நின்று காணவும் அவருக்கு வாய்ப்பளிக்கும் முதலாவது தேர்தல் மாணவர் ஒன்றியத் தேர்தலேயாகும். அத்தேர்தல் எவ்வாறு நடைபெறுகின்றதோ அவ்வாறே தேர்தல் என்ற நிறுவனம் பற்றிய அவரது எண்ணமும் அமையும் எனக் கொள்வதில் தவறில்லை.

மாணவர் ஒன்றியத் தேர்தல் நேர்மையாக நடைபெற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடுடையார் எவருமிலர். நேர்மை எவ்விடத்தில் இழக்கப்படுகின்றது என்ற வினா எழும்போதே வேறுபாடு தோன்றுகின்றது. கள்ள வாக்கு, வாக்குப் பெட்டி மாற்றம், எண்ணுதலிற் பிழை என்பனவே பொதுவாகச் சுட்டப்படுகின்றன. இவை யாவும் தேர்தல் நாளன்று நிகழ்வன. எனவே கண்ணுக்குத் தெரிவன. தேர்தல் நாளுக்கு முன்னரே முடிந்துவிடும் அநீதிகளுக்குச் சாட்சியம் கிடைப்பது அரிது. இப்பொருள் குறித்துத் தெற்காசியாவில் எழுந்த ஆவணங்களுள் முதன்மை வாய்ந்தது எனக் கருதத்தக்க லிங்டோ குழு அறிக்கையை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து. அது இந்தியாவுக்கென எழுதப்பட்டது என்பது உண்மையே. எனினும், வன்னி நிலத்தில் 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, கிளிநொச்சியில் விவசாயம், பொறியியல், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக வேரூன்றிவரும் இக்காலத்தில், தேர்தல் மரபுகள் இங்கு எவ்வாறு அமையப்போகின்றன என்பது இன்னும் முற்றாக முடிவாகாத விடயமாகும். அயலாரின் ஆவணத்தைப் படிப்பதற்கு இது ஏற்ற தருணம்.

கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி அதிபர் அவைக்கும் இடையில் எழுந்த வழக்கொன்றில், மாணவர் தேர்தல்களைச் சீர்செய்வதற்கான பரிந்துரைகளைப் பெறுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2005 டிசம்பரிற் பணித்தது. முன்னாள் பிரதம தேர்தல் ஆணையாளர் ஜே. எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு 2006 மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. அதனை நடைமுறைப்படுத்துமாறு அதே ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது. இவ்விரு திகதிகளுக்கும் இடைப்பட்ட ஆகஸ்ட் மாதத்திலேயே, உஜ்ஜயினி மாதவ் கல்லூரியில் மாணவர் சங்கத் தேர்தல் தொடர்பான கலவரத்திற் பேராசிரியர் சபர்வால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். குழுவினரின் அச்சம் கற்பனையன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அறிக்கையைக் குறைகூறப் புகுவோர் இதனை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

அறிக்கையின் சிறப்புக்கள் சில உள. தேர்தல் ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். நியமனப் பத்திரம் தாக்கல் செய்வது முதல் முடிவு அறிவிப்பது வரை யாவும் பத்து நாட்களுள் நிறைவெய்த வேண்டும். நிருவாகம் மாணவப் பிரதிநிதிகளைத் தானே நியமிக்கும் முறை, அமைதியான தேர்தலுக்கு இடமில்லாத வளாகங்களில் இடைக்கால ஏற்பாடாக மாத்திரம் அமையலாம் என அது வற்புறுத்தியது. தேர்தலே தொல்லை, அதனை ஒழித்துவிடுதலே அமைதிக்கு வழி எனக் கருதிய நிருவாகிகள் பலருக்கு இது உவப்பாக இருந்திராது. ஒரு வேட்பாளரின் செலவு ஐயாயிரம் ரூபாவுக்கு மேற்படலாகாது என்ற உச்சவரம்பும், அரசியற் கட்சிகளின் பணத்தைப் பெறலாகாது என்ற தடையும், முடிவு வெளியாகி இரு வாரங்களுட் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதியும் பணபலத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கின. அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை. கையாற் செய்த சுவரொட்டிக்குக் குறித்த இடங்களில் அனுமதி. ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு ஆகியவற்றைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தலாகாது எனவும் விதி உண்டு. (வன்னியில் யானைகள் வளவுக்குள் வருவதுண்டுதான், அவை வருவது நெல்லுக்கேயன்றி வாக்குக்கன்று.)

இவ்விதிகளை ஒருசேர நோக்குமிடத்து ஒரு பண்பு புலனாகும். அறிக்கையின் கவனமெல்லாம் வேட்பாளர் மீதே குவிந்துள்ளது. இளநிலை மாணவராயின் வயது பதினேழு முதல் இருபத்திரண்டு வரை. ஆய்வு மாணவராயின் இருபத்தெட்டுக்கு மேற்படலாகாது. வரவு எழுபத்தைந்து வீதம் இருத்தல் வேண்டும். சித்தியடையாத பாடம் இருத்தலாகாது. குற்றவியல் வழக்கிற் சிக்கியிருத்தலும் பல்கலைக்கழகத்தின் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்பட்டிருத்தலும் ஆகா. பதவி நிலைக்கு ஒரு முறையே போட்டியிடலாம். தகுதியுள்ள ஒருவரை வடிகட்டி எடுத்துவிட்டால் தேர்தல் தானாகவே தூய்மையுறும் என்ற நம்பிக்கை இதன் அடியிற் கிடக்கின்றது.

இந்நம்பிக்கை தமிழ் மாணவருக்குப் புதியதன்று. பழந்தமிழர் குடியாட்சிக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களின் நம்பிக்கையும் இதுவேயாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. இரண்டாவது கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள், கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம், தன் மனையில் எடுத்த வீடு, வேதப் பயிற்சி, கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கு, மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவரும் விலக்கு. கணக்குக் காட்டாதவனை விலக்கிய நேர்மை வியக்கத்தக்கதே. ஆயின் அம்முறையில் வாக்காளர் என ஒருவர் இல்லை. முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலைகள் குடத்திலிடப்பட்டு, சிறுவன் ஒருவன் எடுத்த ஓலையே முடிவாயிற்று. அது பிரமதேய ஊரொன்றின் சபை. நிலமும் வேதக் கல்வியும் அற்றோர் குடத்தருகே வரவுமில்லை, குடத்துள் இடம்பெறவுமில்லை. நேர்மையான வேட்பாளரைத் தேடிய அக்கல்வெட்டையும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்த லிங்டோ அறிக்கையையும் இணைக்கும் இழை இதுவே: இரண்டும், நிற்கக்கூடாதவர் யார் என்பதை நுணுக்கமாக வகுத்தன, நிற்க விரும்பியவர் எவ்வாறு தடுக்கப்படுகின்றார் என்பதை ஆராயவில்லை.

அறிக்கையின் ஒழுக்காற்று விதியை மீண்டும் கருதுக. மாணவர் ஒருவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது பல்கலைக்கழக நிருவாகம். அந்நிருவாகத்தோடு மாணவர் சார்பில் வாதிடுவது மாணவர் ஒன்றியத்தின் முதற் கடமை. விடுதி வசதிக்காகவோ பரீட்சைத் திகதிக்காகவோ குரல் கொடுத்து, அதனால் எச்சரிக்கைக் கடிதம் பெற்ற ஒருவர், எதிர்த்தரப்பினர் எழுதிய அக்கடிதத்தின் காரணமாகவே வேட்பாளராக நிற்கும் உரிமையை இழப்பாராயின், நீதியின் அடிப்படை யாதாகும்? தேர்தல் முறைப்பாடுகளை விசாரிக்கும் குழுவின் அமைப்பும் இத்தன்மைத்தே. மாணவர் நலனுக்குப் பொறுப்பான பீடாதிபதி தலைவர்; சிரேஷ்ட ஆசிரியர் ஒருவர்; சிரேஷ்ட நிருவாக அலுவலர் ஒருவர்; இறுதியாண்டு மாணவர் இருவர், ஆணொருவர் பெண்ணொருவர். ஐவரில் மூவர் நிருவாகத்தார். எஞ்சிய இருவரும் தேர்தல் முடியும் வரை திறமை அடிப்படையில் நியமிக்கப்படலாம். பெண்ணுக்கு ஓரிடத்தை உறுதிசெய்தமை பாராட்டத்தக்கது. ஆனால் அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமன்று.

அறிக்கையின் உள்முரண்பாட்டைப் புதுடில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அனுபவம் தெளிவாக உணர்த்துகின்றது. சிறிய, ஒருங்கமைந்த வளாகங்களுக்கு நேரடித் தேர்தல் ஏற்றது என்பதற்கு அறிக்கை அப்பல்கலைக்கழகத்தையும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தையும் முன்மாதிரியாகக் கொண்டது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலே தேர்தலை நடத்துவது நிருவாகமன்று; போட்டியிடாத மாணவர்களைக் கொண்ட தேர்தற் குழுவே நடத்துகின்றது. பதவி விலகும் பிரதிநிதிகள் மாணவர் பொதுக்கூட்டத்தின் முன் தம் ஆண்டறிக்கையை வைத்து வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தேர்தலுக்கு முன்னைய இரவுகளில் ஒன்றில் தலைவர் பதவிக்கான வேட்பாளர் யாவரும் ஒரே மேடையில் உரையாற்றி, ஒருவரையொருவர் வினவுவர். அங்கே பணத்துக்குப் பெரும் பங்கில்லை. கையால் வரைந்த சுவரொட்டிகளும் துண்டுப் பிரசுரங்களும் உணவுச் சாலைக் கூட்டங்களுமே கருவிகள். அறிக்கை விரும்பிய தேர்தல், அறிக்கைக்கு முன்னரே அங்கு நடைபெற்றுவந்தது.

ஆயினும், வயதெல்லை முதலான விதிகள் பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால் 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலுக்குத் தடை விதித்தது. சில விதிகள் தளர்த்தப்பட்ட பின்னர் 2012 மார்ச் முதலாந் திகதியே மீண்டும் வாக்களிப்பு நடைபெற்றது. தூய்மைக்கென எழுதப்பட்ட விதிகள், தூய்மையாக நடந்துவந்த தேர்தலை மூன்றாண்டுக்கு மேல் நிறுத்திவைத்தன. அறிக்கையின் ஆசிரியர்கள் இதனை விரும்பியிருக்க மாட்டார்கள். விதியின் சொல்லை அளவுகோலாகக் கொண்டோர், அவ்விதி எதனைக் காக்க எழுந்தது என்பதை மறந்தனர் எனலாம். அதற்குத் தூண்டுதல் விதியின் அமைப்பிலேயே இருந்தது என்பதும் உண்மை. இருபத்தெட்டு வயது என்பதை அளத்தல் எளிது. அச்சமின்றி வாக்களித்தலை அளத்தல் எளிதன்று.

மறுபுறத்தில், அதே நகரத்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் விதிகள் ஏட்டில் இருந்தன; சுவர்களில் அச்சிட்ட சுவரொட்டிகளும் இருந்தன. 2024 செப்டெம்பர் 27 ஆந் திகதி வாக்களிப்பு நடைபெறுவதற்கு முதல் நாள், சுவரொட்டிகளும் சுவரெழுத்துக்களும் அகற்றப்படும் வரை வாக்குகளை எண்ணலாகாது என டில்லி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. முடிவுகள் நவம்பர் 25 ஆந் திகதியே வெளியாயின. பத்து நாட்களுள் யாவும் நிறைவுறுக என்ற அறிக்கையின் விதிக்கு அதன் பதினெட்டாம் ஆண்டில் நேர்ந்த கதி இது. ஓரிடத்தில் விதி தேர்தலை நிறுத்தியது. மற்றோரிடத்தில் தேர்தல் விதியைக் கடந்து சென்றது.

எனினும், இலங்கை மாணவருக்கு அறிக்கையின் பெருங்குறை இவ்விரண்டுமன்று. பணமே நோய் எனக் கொண்டு எழுதப்பட்ட ஆவணம் அது. டில்லியில் அது பொருந்தலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில், அதிலும் மஹாபொல உதவித்தொகையை நம்பி மாதத்தைக் கழிக்கும் வன்னி மாணவரிடையே, ஐயாயிரம் ரூபா உச்சவரம்பு யாரைக் கட்டுப்படுத்தும்? இங்குள்ள நோய் பயம். ஒரே ஆண்டில் நுழைந்தோரை ஓரணியாகப் பிணைத்து, வழக்கில் ‘பட்ச்’ என வழங்கி, மேலுள்ள அணி கீழுள்ள அணியை ஆளும் மரபே அப்பயத்தின் ஊற்று. சிரேஷ்ட மாணவர் சிலர் கூடி ஒருவரைத் தெரிவுசெய்வர். வேறெவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய மாட்டார். ‘போட்டியின்றித் தெரிவு’ என அறிவித்தற் பலகை கூறும். கள்ள வாக்கு இல்லை, எண்ணுதலிற் பிழை இல்லை, செலவும் இல்லை. லிங்டோ அறிக்கையின் எந்த விதியும் மீறப்படவில்லை. தேர்தல் மாத்திரம் நடைபெறவில்லை.

போட்டியின்மை எப்போதும் பயத்தின் விளைவே எனக் கூறுதல் மிகையாகும். உண்மையான உடன்பாட்டினாலும் அது தோன்றலாம். ஈழத்துத் தமிழர் வரலாற்றில் இவ்வினாவை எழுப்பும் நிகழ்வொன்று உண்டு. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை முதன்முதலாக வழங்கப்பட்டபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பையேற்று வடக்கின் நான்கு தொகுதிகளில் நியமனப் பத்திரங்கள் தாக்கல் செய்யப்படவில்லை. பூரண சுயாட்சியை வேண்டிய கொள்கைப்பற்று அப்பகிஷ்கரிப்பின் பின்னே இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், புதிதாக வாக்குரிமை பெற்ற ஏழை எளியோரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதை அவர்களிடம் எவர் கேட்டார்? 1934 இல் அத்தொகுதிகளுக்குத் தேர்தல் நடைபெறும் வரை அவர்தம் வாக்கு காகிதத்தில் மாத்திரம் இருந்தது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் மேசையே வாக்குப் பெட்டியினும் வலிமையுடைய இடம் என்பதை இந்நிகழ்வு காட்டும். வாக்காளர் தம் முடிவைக் கூறுமுன்னரே அங்கு முடிவு செய்யப்படுகின்றது.

பயத்தின் விலை இத்தீவிலே சிறிதன்று. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நிகழும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் வந்த பின்னரும், 2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திற் பகிடிவதைக்கு எதிராகக் குரலெழுப்பிய மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், அது பற்றிப் பேசவென அழைக்கப்பட்ட கூட்டத்தில் வைத்துத் தாக்கப்பட்டு மாண்டார். மாற்றுக் கருத்தைக் கூட்டத்திற் சொல்வதே உயிராபத்தாகும் வளாகத்தில், மாற்று வேட்பாளராக நிற்க எவர் முன்வருவார்? பகிடிவதையை ஒழுக்கப் பிரச்சினையாக மாத்திரம் நோக்கும் விரிவுரையாளர்கள், அது தேர்தற் பிரச்சினையுமாகும் என்பதைப் போதிய அளவு கருதினாரல்லர். முதலாமாண்டில் தலைகுனிந்து நடக்கப் பழக்கப்படுவோர், இரண்டாமாண்டில் தலைநிமிர்ந்து வாக்களிப்பர் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இங்கு லிங்டோ அறிக்கையின் விதியொன்று, இலங்கைக்கு அப்படியே கொண்டுவரப்படின், தீமையே பயக்கும் என்பது மனங்கொளத்தக்கது. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுள் தேர்தலை நடத்துக என்பது அதன் பரிந்துரை. ஆண்டு முழுவதும் பணியாற்றும் ஒன்றியம் விரைவில் அமைய வேண்டும் என்ற நோக்கு நியாயமானதே. ஆயின் அவ்வாறு எட்டு வாரங்களே, இங்கு புதுமுக மாணவர் சிரேஷ்ட மாணவரின் பிடியில் மிக இறுக்கமாக இருக்கும் காலம். எந்த உணவுச் சாலையில் உண்ண வேண்டும், எந்த நிறத்தில் உடுக்க வேண்டும் என்பவற்றையே பிறர் தீர்மானிக்கும் வாரங்களில், எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை அவர் தாமே தீர்மானிப்பார் எனக் கருதுதல் பேதைமை. புதுமுக மாணவரின் முதலாம் அரையாண்டுப் பரீட்சை முடிந்த பின்னர் வாக்களிப்பை வைத்தல், எட்டு வார விதியினும் நேர்மைக்கு உகந்தது.

வேட்பாளர் மேசைக்கு அடுத்ததாக, இன்னும் சொல்லப்போனால் அதற்கும் முன்னதாக, நோக்க வேண்டியது வாக்காளர் இடாப்பு. இதனைத் தர்மபுரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வூர் முதலாய கிளிநொச்சிக் குடியேற்றங்களில் வாழும் குடும்பங்கள் பல மலையகத்திலிருந்து வந்தவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் அவர்தம் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 பொதுத் தேர்தலில் வாக்குப் பெட்டி எதுவும் மாற்றப்படவில்லை. அம்மக்களின் பிரதிநிதியென ஒருவர்தானும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாராளுமன்றம் செல்லவில்லை. 1977 வரை அந்நிலை நீடித்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. இடாப்பிற் பெயரில்லாதவனுக்குத் தேர்தல் நாளில் நேரும் அநீதி எதுவுமில்லை. அவனுக்குரிய அநீதி முன்னரே நடந்து முடிந்துவிட்டது.

மாணவர் ஒன்றியத்தின் இடாப்பு இத்துணைப் பெரிய செய்தியன்று என்பர். அளவிற் சிறிதே, அமைப்பில் ஒன்றே. வகுப்புத்தடைக்கு உள்ளான மாணவருக்கு வாக்குண்டா? விசாரணை முடியுமுன்னரே அவர் பெயர் நீக்கப்படலாமா? பரீட்சையில் தவறி மீண்டும் அமர்பவர் எந்த அணியில் வாக்களிப்பர்? மருத்துவ விடுப்பிலும் மகப்பேற்று விடுப்பிலும் இருப்போர் நிலை யாது? இவ்வினாக்களுக்கு விடை வாக்களிப்பு நாளன்று மண்டப வாயிலில், மேசையில் அமர்ந்திருப்பவரின் மனநிலைக்கேற்பக் கூறப்படலாகாது. இடாப்பு இரு வாரங்களுக்கு முன்னரே பீடந்தோறும் ஒட்டப்பட்டு, ஆட்சேபத்துக்கு இடமளிக்கப்படல் வேண்டும். பதிவாளர் அலுவலகம் பெயர்ப் பட்டியலைத் தரலாம். ஆட்சேபங்களைத் தீர்க்கும் அதிகாரம் அவ்வலுவலகத்திடம் இருத்தலாகாது.

மொழி பற்றியும் ஒரு சொல். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சிப் பீடங்களிலும் சிங்கள, முஸ்லிம் மாணவரும் கணிசமாகப் பயில்கின்றனர். 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில், புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் இடம்பெறுதல் தொடர்பில் எழுந்த மோதல், சில நாட்கள் வளாகத்தையே மூடவைத்தது. அம்மோதலை இனப்பகையாக மாத்திரம் விளக்கியோர் பலர். வரவேற்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அவையில் எவருக்குக் குரல் இருந்தது என வினவியோர் சிலரே. நாட்டின் பாராளுமன்றத்திற் சிறுபான்மையாக இருந்து பெரும்பான்மையின் எண்ணிக்கை வலிமையைக் காலமெல்லாம் கண்டித்துவந்த சமூகம், தான் பெரும்பான்மையாக உள்ள ஓர் அவையில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பது, அதன் கண்டனத்தின் உண்மையைப் பரிசோதிக்கும் இடமாகும். அவ்வாறே, வேறொரு பீடத்தில் தமிழ் மாணவர் எண்ணிக்கையிற் குறைந்தோராக இருப்பின் அங்குள்ள பெரும்பான்மைக்கும் அதே பரிசோதனை உண்டு. நியமனம் கோரும் அறிவித்தல் மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் ஒட்டப்படுதல் சிறு செயலாகத் தோன்றலாம். இரண்டு நாட்கள் பிந்தி ஒட்டப்படும் மொழிபெயர்ப்பு, பத்து நாட் தேர்தலில் ஐந்திலொரு பங்கைப் பறித்துக்கொள்கின்றது.

இவற்றை யார் நடத்துவது என்பதே எஞ்சும் வினா. நிருவாகம் நடத்தினால் ஒழுங்கு இருக்கும் என்பாரும், மாணவரே நடத்தினால் கலகம் விளையும் என்பாரும் உளர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் தேர்தற் குழு கலகங்களைச் சந்தியாமல் இருக்கவில்லை. 2018 செப்டெம்பரில், எண்ணும் இடத்துள் வலிந்து புகுந்து வாக்குப் பெட்டிகளைப் பறிக்க முயன்றனர் என அறிவித்து, அக்குழு எண்ணுதலைப் பல மணிநேரம் நிறுத்தியது. பின்னர் அதே மாணவர் குழுவே எண்ணி முடித்து முடிவை அறிவித்தது. சக மாணவரின் கையிலுள்ள பெட்டியை நம்பிக் காத்திருக்கும் பழக்கம் ஒரே நாளில் வருவதன்று; பல ஆண்டுத் தேர்தல்களில் தோற்றுப் பழகியோரால் உருவாக்கப்படுவது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் ஒன்றியங்களுக்கு இடமளிக்கின்றது. அவ்வேற்பாட்டினுள், போட்டியிடாத இறுதியாண்டு மாணவர்களைப் பீடந்தோறும் பொதுக்கூட்டத்தில் இரகசிய வாக்காற் தெரிந்து ஒரு தேர்தற் குழுவை அமைத்தல் இயலாத காரியமன்று. முன்மொழிபவரின் பெயர் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட வேண்டிய தேவையுமில்லை. அப்பெயரைத் தேர்தற் குழு சரிபார்த்து வைத்திருந்தாற் போதும். முன்மொழிபவருக்கு இரவில் விடுதியறையிற் கிடைக்கும் வரவேற்பை அறிந்தோர், இதனை மிகையான எச்சரிக்கை என்னார். ஒரு பதவிக்கு ஒருவரே முன்வந்தாலும் வாக்களிப்பை நடத்தி, அவரை ஏற்கவில்லை என்று குறிப்பதற்கும் சீட்டில் ஓரிடம் ஒதுக்குதல், ‘போட்டியின்றித் தெரிவு’ என்ற சொற்றொடரைப் பலகையிலிருந்து அகற்றும்.

கிளிநொச்சிக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் திருநெல்வேலியில். அறிவியல் நகரோ அறுபது கிலோமீற்றருக்கு அப்பால். இரு நிலத்திலும் பயில்வோர் ஒரே ஒன்றியத்துக்கு வாக்களிக்கும்போது, அறிவியல் நகரின் பெட்டிகள் ஆனையிறவைக் கடந்து பயணஞ் செய்வதா, இருந்த இடத்திலேயே எண்ணப்படுவதா என்ற வினா எழும். பெட்டி பயணஞ் செய்யுமாயின் அதனுடன் எல்லா வேட்பாளரின் முகவரும் ஒரே வாகனத்திற் செல்ல இடமிருக்க வேண்டும். வன்னியில் மாலைக்குப் பின் பேருந்துகள் அரிது. ஆகவே அம்முகவர்கள் இரவில் எங்கு தங்குவர், எவ்வாறு திரும்புவர் என்பதற்கும் குழு முன்கூட்டியே விடை காண வேண்டும். மாணவியர் முகவராக வர இயலாமற் போவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. வாக்களித்த மண்டபத்திலேயே, மின்விளக்கு அணையுமுன், எண்ணி, வெற்றி பெற்றவரும் தோற்றவரும் கையொப்பமிட்ட தாளைக் கதவில் ஒட்டிவிட்டால், தர்மபுரத்துக்குச் செல்ல வேண்டியவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கலாம்.